ஜெனரேட்டர் எந்த மாடியில் இருக்கிறது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை பெரிய பராமரிப்பு வேலைக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. காலை ஒன்பது மணியைத் தாண்டிய சிறிது நேரத்தில், கரையோரப் பம்ப் ஹவுஸில் நீர்மட்டம் கிடுகிடுவென ஏறியது. கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கும் வாயிலிருந்து, கடலடிச் சுரங்கம் வழியாகத்தான் இந்த நிலையம் குளிர்விக்கும் நீரை எடுக்கிறது. கடல் உயர்ந்ததும் அதே சுரங்கம் வெள்ளத்தை உள்ளே கொண்டுவந்து சேர்த்தது. பெரிய பம்புகள் மூழ்கி நின்றன. உலையின் முக்கியமான சுற்றுகளைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்புகளில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. ஷிஃப்டில் இருந்தவர்கள் டர்பைனை நிறுத்தி, உலையையும் நிறுத்தினார்கள். வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுபடவில்லை. அவசரகால டீசல் ஜெனரேட்டர்கள் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்தன. 2005 ஜனவரித் தொடக்கத்தில் உலை மறுபடி ஓடியது.

நிலையம் தப்பியது, பக்கத்தில் கடலை ஒட்டியிருந்த ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. ஊர் நினைவில் நிற்பது அந்தத் துயரம்தான், அதுதான் நியாயமும். ஆனால் உலகெங்கும் கடலோரத்தில் அணுமின் நிலையம் வைத்திருப்பவர்களுக்கு அன்று காலை இன்னொரு செய்தியும் இருந்தது. கல்பாக்கம் நிலையம் புயலால் எழும் கடல் உயர்வை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. சுனாமி கணக்கிலேயே இல்லை. இருக்கவும் காரணமில்லை: 1881-ல் கார் நிகோபார் நிலநடுக்கம் அனுப்பிய அலை நாகப்பட்டினம், சென்னை அலைமானிகளில் பதிவானபோது அதன் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கையில் இருந்த பதிவேட்டில் பெரிய அலையே கிடையாது. புயலுக்காக விட்ட உயரம் சுனாமிக்கும் உதவியது, அவ்வளவுதான். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்வதா, அதிர்ஷ்டம் என்று சொல்வதா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பேன்.

அடுத்த ஆண்டே பன்னாட்டு அணுசக்தி முகமை கல்பாக்கத்தில் ஒரு பயிலரங்கு நடத்தியது. அணுமின் நிலையங்களுக்கு வெளியிலிருந்து வரும் வெள்ளம்தான் பொருள். ஜப்பானில் 2006 ஜனவரியில் அந்நாட்டு அணு ஒழுங்குமுறை அமைப்பும் மின் நிறுவனங்களும் சேர்ந்து ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தன. அதற்கு வித்திட்ட நிகழ்வுகளில் ஒன்று கல்பாக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தின் ஐந்தாம் உலை இருக்கும் தரை 13 மீட்டர் உயரம். அதைவிட ஒரு மீட்டர் உயர்ந்த அலை வந்தால் என்ன ஆகும் என்று அந்தக் குழு பார்த்தது. எல்லா மின்சாரமும் போய்விடும் என்பதே விடை. 2006 மே மாதத்துக்குள் இந்த விடை மேசைக்கு வந்துவிட்டது. பேரலை வந்தது 2011 மார்ச்சில்.

அந்த ஐந்து ஆண்டுகளில் என்ன நடந்தது, ஏன் நடக்கவில்லை என்பதைப் பார்ப்பதற்கு முன், ஓர் உலையை நிறுத்திய பிறகும் மின்சாரம் எதற்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். அணுப்பிளவை நொடிகளில் நிறுத்திவிடலாம். ஆனால் பிளவில் உண்டான கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே வெப்பத்தை வெளியிடும். அதற்கு சுவிட்ச் கிடையாது. நின்ற கணத்தில் அது முழு வெப்பத்திறனில் ஆறேழு சதவீதம், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதம், ஒரு நாள் கழித்து ஏறக்குறைய அரை சதவீதம். அரை சதவீதம்தானே என்று விட முடியாது. கல்பாக்கம் போன்ற அளவான உலைக்கே அது சுமார் 4,000 கிலோவாட். இந்த வெப்பத்தை நாள்கணக்கில் நீரைச் சுற்றவிட்டு வெளியேற்ற வேண்டும். நீரைச் சுற்ற பம்ப் வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்கவென்றே கட்டிய ஆலை, தன்னைக் காத்துக்கொள்ள வெளி மின்சாரத்தை நம்பி இருக்கிறது. வெளி மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர். அதுவும் போனால் சில மணி நேரத்துக்கு பேட்டரி. அதற்கு அப்பால் அன்றைய ஏட்டில் ஒன்றும் இல்லை.

2011 மார்ச் 11, பிற்பகல் 2 மணி 46 நிமிடம். ஜப்பானின் வடகிழக்குக் கடலுக்கடியில் 9 அளவிலான நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சியில் இருந்த ஆறு உலைகளில் மூன்று ஓடிக்கொண்டிருந்தன; மூன்றும் தானாகவே நின்றன. வெளி மின்கம்பிகள் அறுந்தன, டீசல் ஜெனரேட்டர்கள் உடனே ஓடத் தொடங்கின. ஏட்டில் எழுதியபடியே எல்லாம் நடந்தது. ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கழித்துப் பேரலை வந்தது. உயரம் 14, 15 மீட்டர். முதல் நான்கு உலைகள் நின்ற தரை 10 மீட்டர்.

அந்த 10 மீட்டருக்கு ஒரு கதை இருக்கிறது. நிலையம் கட்டுவதற்கு முன் அங்கே முப்பது மீட்டருக்கும் மேலான கடலோர மேடு இருந்தது. உலையை உறுதியான பாறை அடுக்கின்மேல் அமர்த்தவும், கனமான இயந்திரங்களைக் கப்பலிலிருந்து இறக்கவும், கடல்நீரை மேலேற்றும் செலவைக் குறைக்கவும் அந்த மேட்டை வெட்டி 10 மீட்டராக்கினார்கள். மூன்றும் நல்ல பொறியியல் காரணங்கள். அன்று வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட சுனாமி உயரம் 3.1 மீட்டர். 1960-ல் சிலி நாட்டு நிலநடுக்கம் பசிபிக் முழுவதும் அனுப்பிய அலை, அருகிலுள்ள ஒனஹாமா துறைமுகத்தில் பதிவான உயரம் அது. கையில் இருந்த பதிவில் அதுவே பெரியது. 3.1 மீட்டர் அலைக்கு 10 மீட்டர் தரை என்பது தாராளமாகவே தெரிந்திருக்கும்.

டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை டர்பைன் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. அமெரிக்க வடிவமைப்பில் உருவான ஆலை அது. 1990-களில் கூடுதலாகச் சில ஜெனரேட்டர்களைச் சேர்த்தார்கள். அவை காற்றால் குளிர்பவை, கடல்நீர் பம்பு தேவைப்படாதவை. வேறு கட்டடத்தில் உயரமான இடத்தில் வைத்தார்கள். நல்ல யோசனைதான். இரண்டாம், நான்காம் உலைகளுக்கான அந்த ஜெனரேட்டர்கள் 2011-ல் நீரில் மூழ்கவே இல்லை. ஆனால் அவற்றின் மின்சாரத்தை வாங்கி அனுப்ப வேண்டிய சுவிட்ச் பலகைகள் அடித்தளத்தில் இருந்தன, அவை மூழ்கின. மொத்தம் 13 ஜெனரேட்டர்களில் பயன்பட்டது ஒன்றே ஒன்று. ஆறாம் உலைக்குரிய அந்த ஒற்றை ஜெனரேட்டரின் மின்சாரத்தை ஐந்தாம் உலைக்கும் இழுத்துப் பகிர்ந்தார்கள். இரண்டு உலைகளும் பிழைத்தன. முதல் நான்கு உலைகளின் பக்கத்தில் கட்டுப்பாட்டு அறைகள் இருண்டன. மானிகள் செத்துப்போயின. ஊழியர்கள் தங்கள் கார்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டுவந்து இணைத்து, உலைக்குள் நீர்மட்டம் எவ்வளவு என்று படிக்க முயன்றார்கள். அடுத்த நான்கு நாட்களில் மூன்று கட்டடங்களில் ஹைட்ரஜன் வெடித்தது, மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

இடர் மதிப்பீடு என்ற துறை எதற்கு இருக்கிறது என்று கேட்டால், பலரும் 'ஆபத்து வருமா வராதா என்று சொல்ல' என்பார்கள். அதற்கு அது அவ்வளவாக உதவாது. 'நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்பதையே எடுத்துக்கொள்வோம். நூறு ஆண்டுக்கு ஒன்று என்று கேட்டதும் நம் காலத்தில் வராது என்று மனம் சொல்லிவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டுகள் இயங்கும் ஒரு மின் துணைநிலையம் அந்த வெள்ளத்தை ஒரு முறையாவது சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். 60 ஆண்டு நிற்கும் பாலத்துக்கு 45 சதவீதம். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வருவதுகூட, 40 ஆண்டு ஓடும் ஆலைக்கு 4 சதவீதம். நூறு பேரில் நான்கு பேருக்குப் பக்கவிளைவு வரும் என்று ஒரு மருந்துச் சீட்டில் இருந்தால் நாம் கண்டிப்பாக ஒருமுறை யோசிப்போம். கடலோர ஆலைக்கு யோசிக்கத் தோன்றுவதில்லை.

அதோடு, அந்த 'ஆயிரம் ஆண்டு' என்ற எண் எங்கிருந்து வருகிறது? அலைமானிப் பதிவு நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குத்தான் இருக்கிறது. நூறாண்டுப் பதிவை வைத்து ஆயிரமாண்டு அலையைக் கணிப்பது பெரும்பாலும் கோட்டை நீட்டி வரைவதுதான். ஜப்பானில் வேறொரு வழியும் இருந்தது. 869-ல் ஜோகன் பேரலை சென்டாய் சமவெளியில் வெகுதூரம் ஏறியதாகப் பழைய அரசுக் குறிப்பில் இருக்கிறது. அந்த அலை கொண்டுவந்து பரப்பிய கடல்மணல் அடுக்கை, நெல்வயல்களுக்கு அடியில் நிலவியலாளர்கள் 1990-களிலிருந்தே தோண்டிக் காட்டிவந்தார்கள். 2009 ஜூனில் அரசின் நிபுணர் குழுக் கூட்டத்தில் யுகினோபு ஒகமுரா என்ற நிலநடுக்கவியலாளர், ஃபுகுஷிமா நிலையத்தின் மதிப்பீட்டில் ஜோகன் ஏன் இல்லை என்று நேரடியாகக் கேட்டார். மழுப்பலான பதிலே கிடைத்தது.

அதற்கு ஓராண்டு முன்பே, 2008-ல், நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். அரசின் நிலநடுக்க ஆய்வுத் தலைமையகம் 2002-ல் வெளியிட்ட நீண்டகால மதிப்பீட்டை அடிப்படையாக வைத்தால், நிலையத்தில் அலை 15.7 மீட்டர் வரை ஏறலாம் என்று வந்தது. நிர்வாகம் அந்த எண்ணைத் தூக்கி எறியவில்லை. அதைவிட மரியாதையான காரியம் ஒன்றைச் செய்தது: மேலும் ஆராயும்படி சிவில் பொறியாளர் சங்கத்திடம் அனுப்பிவைத்தது. அந்த ஆய்வு முடியும்வரை எதையும் மாற்றத் தேவையில்லை என்று ஆனது. ஒழுங்குமுறை அமைப்பிடம் இந்தக் கணக்கு போய்ச் சேர்ந்தது 2011 மார்ச் 7-ஆம் தேதி. அலை வருவதற்கு நான்கு நாள் முன்பு.

பிறகு நீதிமன்றங்களிலும் இதே கேள்வி சுற்றியது: 15.7 மீட்டர் என்ற எண் அன்று நம்பத்தகுந்ததாக இருந்ததா? குற்ற வழக்கில் முன்னாள் நிர்வாகிகள் 2019-ல் விடுவிக்கப்பட்டார்கள். பங்குதாரர் வழக்கில் 2022-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 13 லட்சம் கோடி யென் இழப்பீடு கட்டச் சொன்னது. 2025-ல் மேல்நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. சட்டத்துக்கு அந்தக் கேள்வி தேவையாக இருக்கலாம். பாதுகாப்புத் திட்டத்துக்கு அது தவறான கேள்வி என்பதே என் எண்ணம். அலை 6 மீட்டரா 15 மீட்டரா என்ற சச்சரவு தீராவிட்டாலும் செய்யக்கூடிய வேலைகள் எத்தனையோ இருந்தன. அடித்தள அறைகளுக்கு நீர்புகாக் கதவு போடலாம். சுவிட்ச் பலகையை ஒரு மாடி மேலே ஏற்றலாம். பின்னால் மேட்டு நிலத்தில் ஒரு ஜெனரேட்டர் வண்டியையும், பொருத்தமான கேபிளையும் நிறுத்திவைக்கலாம். 15 மீட்டர் கடற்சுவருக்குப் பல ஆண்டும் பெரும்பணமும் வேண்டும், அதனால் அலையின் உயரத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளத் தோன்றும். கதவுக்கும் கேபிளுக்கும் அந்தத் துல்லியம் தேவையில்லை.

பக்கத்திலேயே இதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. ஃபுகுஷிமாவுக்குத் தெற்கே டோகாய் என்ற இடத்தில் இன்னொரு அணுமின் நிலையம். 2007-ல் அந்த மாகாண நிர்வாகம் புதிய சுனாமி மதிப்பீடு ஒன்றை வெளியிட்டதும், நிலையத்தார் கடல்நீர் பம்புகளைச் சுற்றியிருந்த சுவரை 4.9 மீட்டரிலிருந்து 6.1 மீட்டருக்கு உயர்த்தத் தொடங்கினார்கள். பேரலை வந்தபோது சுவர் எழும்பியிருந்தது, குழாய்களும் கேபிள்களும் நுழையும் துளைகளை அடைக்கும் வேலை மட்டும் முழுதாக முடியவில்லை. ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்த நீர், அடைபடாத துளை வழியே புகுந்து ஒரு பம்பை மூழ்கடித்தது. அதனால் மூன்று ஜெனரேட்டர்களில் ஒன்று நின்றது. மற்ற இரண்டும் ஓடின. நான்கு நாளில் உலை முழுமையாகக் குளிர்ந்தது. டோகாயின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

வடக்கே ஒனகாவா. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அணுமின் நிலையம் அதுதான். அங்கேயும் முதல் உலைக்குத் திட்டமிட்ட 1960-களின் இறுதியில், பழைய குறிப்புகளையும் ஊர்மக்கள் சொன்னதையும் வைத்துக் கிடைத்த சுனாமி உயரம் ஏறக்குறைய 3 மீட்டர். ஃபுகுஷிமாவில் கிடைத்த அதே எண். ஆனால் திட்டக் குழுவில் யானோசுகே ஹிராய் என்ற மூத்த பொறியாளர் இருந்தார். அவருடைய சொந்த ஊர் ஜோகன் அலை ஏறிய அதே சமவெளியில் இருக்கிறது. தரை 14.8 மீட்டர் உயரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததாக உடன் வேலை பார்த்தவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தார்கள். சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும்போது பம்புகள் வறண்டுவிடக் கூடாது என்று, உறிஞ்சு வாய்க்காலில் சுமார் 40 நிமிடத்துக்குப் போதுமான நீர் தங்கும்படியும் அமைத்தார்கள். ஹிராய் 1986-ல் இறந்துபோனார். 2011-ல் ஒனகாவாவின் தரை நிலநடுக்கத்தால் ஒரு மீட்டர் தாழ்ந்து 13.8 ஆனது. வந்த அலை 13 மீட்டர். எண்பது சென்டிமீட்டர் மிச்சம்.

அங்கேயும் எல்லாம் சுபமாக நடந்துவிடவில்லை. ஒரு மின் பலகையில் தீப்பிடித்தது, இரண்டாம் உலையின் ஓர் அடித்தளத்தில் நீர் புகுந்தது, ஐந்து வெளி மின்தடங்களில் நான்கு போயின. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் போகவில்லை. வீடிழந்த 300-க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் அந்த அணுமின் நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில்தான் மாதக்கணக்கில் தங்கினார்கள்.

எல்லாம் ஒரே நேரத்தில் போவது என்பதை இடர் கணிப்பாளர்கள் பொதுக்காரணப் பழுது என்பார்கள். ஒரு ஜெனரேட்டர் தேவைப்படும்போது ஓடாமல் போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து ஓடாத வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மூன்று இருந்தால் பத்து லட்சத்தில் ஒன்று. தாளில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் இந்தப் பெருக்கல், ஒன்றின் பழுதுக்கும் இன்னொன்றின் பழுதுக்கும் தொடர்பே இல்லாதபோதுதான் செல்லும். மூன்றும் ஒரே அடித்தளத்தில் இருந்தால் நீருக்கு அவை மூன்றும் ஒன்றுதான். வீட்டுக்கு மாற்றுச்சாவி செய்து, இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

இத்தோடு இன்னொரு குணமும் சேர்கிறது. புயல்காற்று கூடக் கூடச் சேதமும் படிப்படியாகக் கூடும். வெள்ளம் அப்படி இல்லை. 10 மீட்டர் தரையில் நிற்கும் ஆலைக்கு 9.9 மீட்டர் அலை ஒரு செய்திகூட அல்ல; 11 மீட்டர் அலை சர்வநாசம். நடுவில் எச்சரிக்கும் சிறு சேதம் என்று எதுவுமில்லை. அந்தச் செங்குத்தான விளிம்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இடர் மதிப்பீட்டால் கிடைக்கும் பெரிய பயன். 2006-ன் ஆய்வுக் குழு அதைத்தான் கண்டுபிடித்தது. அலை வருமா என்று அது சொல்லவில்லை. வந்தால் எந்த உயரத்தில் எல்லாம் போகும் என்று சொன்னது. வருமா என்பதற்கு விடை கிடைக்கவில்லை என்பதால் போகும் என்ற விடையையும் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

அணு உலைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இது நமக்குச் சம்பந்தமில்லாத ஏதோ பெரிய விஷயம் என்று தோன்றிவிடும். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ என்ற பெரிய அரசு மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் பதின்மூன்றாம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு டீசலை ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன. பம்புகள் மூழ்கியதும் ஊழியர்களும் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று, டீசலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பதின்மூன்று மாடி ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஃபுகுஷிமாவின் சுவிட்ச் பலகையும் பெல்வியூவின் பம்பும் ஒரே தவறின் இரண்டு பிரதிகள். பெரிய இயந்திரத்தை மேலே ஏற்றியவர்கள் அதோடு சேர்ந்த சிறிய பொருளை மறந்துவிட்டார்கள்.

சென்னை 2015 டிசம்பரில் இதைப் பார்த்துவிட்டது. அடையாற்றில் வெள்ளம் ஏறி விமான நிலையத்தின் ஓடுபாதையில் நீர் நின்றது. ஆற்றங்கரையோரத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் இருந்த இடத்திலும் தண்ணீர் புகுந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகள் இறந்தார்கள். யார் பொறுப்பு என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு, நம் ஊர் மருத்துவமனைகளில் எத்தனை தங்கள் ஜெனரேட்டரையும் டீசல் தொட்டியையும் சுவிட்ச் பலகையையும் ஆக்சிஜன் இணைப்பையும் இந்தக் கண்ணோடு சுற்றிப் பார்த்திருக்கும்? பார்க்கிங் அடித்தளத்தின் மூலையில் ஜெனரேட்டரை வைப்பது இன்றும் சாதாரணம். இடம் மிச்சம், சத்தம் வெளியே வராது. 30 மீட்டர் மேட்டை 10 மீட்டராக வெட்டியபோதும் இதுபோல நல்ல காரணங்கள் இருந்தன.

ஒரு கட்டடத்தைத் தாண்டினால் சிக்கல் இன்னும் கூடுகிறது. மின்சாரம் போனால் செல்போன் கோபுரங்கள் சில மணி நேரம் பேட்டரியில் நிற்கும், பிறகு டீசல் கேட்கும். டீசலை பங்க்கில் நிலத்தடித் தொட்டியிலிருந்து மேலே இழுக்கவே மின்சாரம் வேண்டும். குடிநீர் வாரியத்தின் பம்புக்கும் கழிவுநீர் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். அறுந்த மின்கம்பியைச் சரிசெய்யப் போகும் லைன்மேனுக்கு எந்தத் தெரு என்று சொல்லச் செல்போன் வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நாடு பணமதிப்பு நீக்கத்தின் நடுவில் இருந்தது. கையில் நோட்டு இல்லாத மக்களிடம் அட்டையைத் தேய்க்கச் சொல்லியிருந்தார்கள். அட்டை தேய்க்கும் கருவிக்கோ மின்சாரமும் இல்லை, இணைப்பும் இல்லை. எந்த நிபுணர் குழுவும் அந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருக்காது. 2018-ல் கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அங்கே கணக்கே வேறு. எதுவும் விழாமல் தடுக்க முடியாது. எத்தனை கம்பம் இருப்பில் இருக்கிறது, எத்தனை ஆள் எத்தனை நாளில் வந்து சேர முடியும் என்பதுதான் திட்டம்.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு உலகம் இந்தத் திசையில் நகர்ந்தது உண்மை. பிரான்ஸ், 1999 டிசம்பர் புயலில் தன்னுடைய பிளாயே அணுமின் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்ததை ஏற்கனவே பார்த்த நாடு. 2011-க்குப் பிறகு அது ஒரு அதிரடிப் படையையே அமைத்தது. நான்கு தளங்களில் ஜெனரேட்டர்களும் பம்புகளும் ஆட்களும் தயாராக நிற்பார்கள். எந்த நிலையத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்திலும் எடுத்துச்செல்லும் கருவிகளைத் தனிக் கட்டடத்தில் வைக்கிறார்கள். இந்தியாவிலும் உலைகளுக்கு வெளியிலிருந்து நீரும் மின்சாரமும் கொடுக்கும் இணைப்பு வாய்கள் அமைக்கப்பட்டன. என்ன வரும் என்று ஊகிப்பதை விட்டு, எது வந்தாலும் கையில் என்ன இருக்கும் என்று பார்க்கும் போக்கு இது.

இயந்திரத்துக்கு இப்படி யோசித்தவர்கள் மனிதர்களுக்கு அவ்வளவு தூரம் யோசித்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஃபுகுஷிமாவில் அரசு முதலில் 3 கிலோமீட்டர் வரை வெளியேறச் சொன்னது; மறுநாள் விடிகாலை 10, மாலை 20 கிலோமீட்டர். அருகிலுள்ள நாமியே ஊர்க்காரர்கள் பலர் போய்த் தங்கிய மலைப்பகுதிக்கே காற்று கதிரியக்கத்தைக் கொண்டுபோனது. அவசரநிலையை நடத்த வேண்டிய அரசு மையம் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் கட்டப்பட்டிருந்தது. கதிரியக்கத் தூசியைத் தடுக்கும் காற்று வடிகட்டி அதில் இல்லை. நான்கு நாள் கழித்து அந்த மையமே ஊரைக் காலிசெய்து கிளம்பியது. படுத்த படுக்கையான முதியவர்களைப் பேருந்துகளில் ஏற்றி மணிக்கணக்கில் கொண்டுபோனார்கள், உடன் மருத்துவர் இல்லாமல், சில இடங்களில் எங்கே போகிறோம் என்று தெரியாமல். மார்ச் முடிவதற்குள் மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்களில் குறைந்தது 60 பேர் இறந்ததாக நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு எழுதியது. அலைச்சலாலும் இடமாற்றத்தாலும் பின்னாட்களில் இறந்தவர்களைச் சேர்த்தால் அந்த மாகாணத்தில் மட்டும் 2,300-க்கு மேல். அங்கே நிலநடுக்கத்திலும் அலையிலும் நேரடியாக இறந்தவர்களைவிட இது அதிகம்.

கல்பாக்கத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்துக்கு அவசரகாலத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் நிலையமும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துகின்றன. நடத்துவது நல்லதுதான். ஆனால் ஒத்திகை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்திருக்கும், வயர்லெஸ் பேசும், பேருந்துகள் முந்தின நாளே வந்து நிற்கும், வானம் தெளிவாக இருக்கும். உண்மையில் உலைக்கு ஆபத்து வரும் நாள், அநேகமாகப் புயலோ பேரலையோ சாலையையும் செல்போனையும் முதலில் எடுத்துக்கொண்ட நாளாகத்தான் இருக்கும். அடுத்த ஒத்திகையை, ஒரு பாலம் உடைந்துவிட்டது, கோபுரங்கள் செத்துவிட்டன, பேருந்து ஓட்டுநர்களில் பாதிப் பேர் தங்கள் குடும்பத்தைத் தேடிப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொண்டு நடத்திப் பார்க்கலாம். முதியோர் இல்லத்தில் படுக்கையில் இருப்பவரை யார் தூக்குவது, எந்த வண்டியில், எந்த மருத்துவமனைக்கு என்ற கேள்விகளில் எத்தனைக்கு அன்று விடை இல்லையோ, அதை அப்படியே எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டலாம்.